கயாக் ராடு ஹோல்டர்: எதை வாங்கலாம், எங்கே மாட்டலாம்

கயாக் என்ற துடுப்புப் படகில் மீன்பிடி ராடை நிறுத்தி வைக்கும் ராடு ஹோல்டரை வாங்கப் போகிறவர்கள் ராடு உட்காரும் கிண்ணத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பூட்டு இருக்கிறதா, எத்தனை பக்கம் திரும்பும், எந்த ரீல் பொருந்தும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஹோல்டரே இரண்டாக உடைந்து ராடு கடலுக்குள் போவது அபூர்வம். ஹோல்டர் உட்காரும் அடித்தளம் திருகோடு பிடுங்கிக்கொண்டு வரும். பந்து மூட்டு மெல்லத் திரும்பி ராடு வழுக்கும். ரீலின் டிராக்கை, அதாவது எவ்வளவு இழுத்தால் நரம்பு ஓடலாம் என்று வைக்கும் பிரேக்கை, இறுக்கி வைத்தது மறந்துபோயிருக்கும். ராடு தொலைவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் இந்த மதிப்பீட்டில் ஹோல்டருக்கு ஒரு பங்கு என்றால், அது நிற்கும் இடத்துக்கும் திருகுக்கும் இரண்டு பங்கு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். டிராக் 3 கிலோவில் இருக்கிறது. 7 அடி ராடு வளைந்து நிற்கும்போது, அடித்தளத்திலிருந்து இழுவை விழும் இடம் வரை நெம்புகோல் நீளம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடித்தளத்தின் முன் போல்டுக்கும் பின் போல்டுக்கும் நடுவே 6 சென்டிமீட்டர். 1.2 மீட்டர் என்பது அதைப்போல 20 மடங்கு. தூண்டில் நரம்பில் வரும் 3 கிலோ இழுவை, தூக்கப்படும் பக்கத்துப் போல்டுகளில் சுமார் 60 கிலோவாக இறங்குகிறது. அதைத் தாங்க வேண்டியது 4, 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிஎத்திலீன் தோல். வெயிலில் காய்ந்து இளகிய நேரத்தில் அது இன்னும் பலவீனம். மீன் இழுத்தாலாவது டிராக் கொடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கயாக்கின் லூர் (செயற்கை இரை) கட்டுவலைக் கம்பிலோ பாறையிலோ மாட்டினால், டிராக் இறுகியிருக்கும் பட்சத்தில், ஆளோடு சேர்த்து முழுக் கயாக்கையும் நிறுத்தும் வேலை அந்த நான்கு போல்டுகளுக்குத்தான்.

இங்கே பேசுவது மேலே உட்காரும் வகையான, 10 முதல் 12 அடி நீளமுள்ள பாலிஎத்திலீன் கயாக்குகளைப் பற்றி. ராடுகள் 6 முதல் 7 அடி. பெரும்பாலும் ஸ்பின்னிங் (ரீல் ராடின் அடியில் தொங்கும்), ஒன்றிரண்டு பெயிட்காஸ்டிங் (ரீல் ராடின் மேல் உட்காரும்). இடம், சென்னையிலிருந்து புதுச்சேரி வரையான அலையடிக்கும் கரையும், முட்டுக்காடு, பிச்சாவரம் போன்ற உப்பங்கழிகளும். காற்றடைத்த கயாக்குக்கும் ஃபைபர் கயாக்குக்கும் மாட்டும் முறையே வேறு; அவற்றை இதில் சேர்க்கவில்லை.

கூடவே ஒரு சொல் சிக்கல். ரீலில் இருக்கும் டிராக்கும், கயாக்கில் பதிக்கும் அலுமினியத் தண்டவாளமான டிராக்கும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே நிற்கின்றன. தண்டவாளத்தை இங்கே ரெயில் என்றே எழுதுகிறோம்.

கயாக்கோடு வரும் குழாய்கள்

இருக்கைக்குப் பின்னால் தளத்தோடு, அதாவது கயாக்கின் மேல்தட்டோடு, பதிந்த இரண்டு குழாய்கள் பெரும்பாலான மீன்பிடி கயாக்குகளில் தொழிற்சாலையிலேயே இருக்கும். ராடைச் சுமந்து போக இவை நல்லவை. உறுதியும் அதிகம், ஏனென்றால் இழுவை போல்டில் விழாமல் குழாயின் சுவரில் விழுகிறது. ஆனால் லூர் இழுத்துக்கொண்டே துடுப்பு போடுவதற்கு இவை சரிப்படாது. ராடு நுனி முதுகுக்குப் பின்னால் இருப்பதால் கடி தெரியாது. ரீல் கத்தினால்தான் தெரியும். திரும்பி எடுக்க உடம்பை முறுக்க வேண்டும். ஆளின் எடை ஒரு பக்கம், மீனின் இழுவை அதே பக்கம் என்றால் கயாக் கவிழ இதைவிட நல்ல வழி கிடையாது.

இன்னொரு குறை, சுமையில் இருக்கும் ராடைக் குழாயிலிருந்து உருவ முடியாது. வளைந்த ராடின் பிடி குழாயின் இரண்டு விளிம்பிலும் முட்டி இறுகிவிடும். டிராக்கைத் தளர்த்தினால்தான் வெளியே வரும். பெயிட்காஸ்டர் ராடாக இருந்தால் பிடியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் கொக்கியும் விளிம்பில் மாட்டும். பிச்சாவரத்தின் குறுகிய கால்வாய்களில் நிமிர்ந்து நிற்கும் ராடு முதலில் பிடிப்பது சுரபுன்னைக் கிளையைத்தான். அங்கே ராடுகளைப் படுக்க வைத்துப் போவதே உத்தமம்.

இல்லாத கயாக்கில் புதிதாகக் குழாய் பதிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் படகுக்கு விற்கும் குழாய்கள் பலவற்றுக்கு அடி திறந்திருக்கும்; விழும் தண்ணீர் வடிந்து போவதற்காக. கயாக்கில் அந்தத் தண்ணீர் போய்ச்சேரும் இடம் உடலின் உட்புறம். அடி மூடிய குழாயே வேண்டும், மேல் மூடியும் இருந்தால் நல்லது. தளத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே குழாயின் முழு நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று ஹாட்ச் (தளத்தில் மூடி போட்ட திறப்பு) வழியாகக் கைவிட்டு அளந்த பிறகே வாங்குங்கள். சாய்ந்த குழாய் 22 சென்டிமீட்டர்கூடக் கீழே இறங்கும்.

ஸ்காட்டி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தயாராகும் ஸ்காட்டி, கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்யப்படுகிறது. 230 எண் கொண்ட பவர்லாக் திறந்த வாய் வகை. ராடை மேலிருந்து வைத்து, மேல்நோக்கித் தூக்கி எடுக்கலாம். 280 எண் பெயிட்காஸ்டர், ஸ்பின்னிங் இரண்டுக்கும் ஆனது. ஃப்ளை ராடுக்கு 265. மூன்றின் தண்டும் ஒரே அடித்தளத்தில் இறங்கும் என்பதுதான் இந்த நிறுவனத்தின் பலம். 241 எண் அடித்தளத்தைக் கிடைமட்டத்திலும் மாட்டலாம், செங்குத்துச் சுவரிலும் மாட்டலாம். 244 தளத்துக்குள் பதியும் வகை. ஹோல்டரை எடுத்துவிட்டால் காலில் தட்டாது, ஆனால் பெரிய துளை வெட்ட வேண்டும்.

தண்டு பல் பல்லாக வெட்டப்பட்டது. பல்லில் உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் தானாகத் திரும்பாது. லூர் இழுத்துச் செல்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பதிலுக்கு, இரண்டு பல்லுக்கு நடுவில் ஒரு கோணம் வேண்டும் என்றால் கிடைக்காது. திசை மாற்ற ஹோல்டரைத் தூக்கித் திருப்பி மறுபடி இறக்க வேண்டும். ராடு உள்ளே இருக்கும்போது ஒற்றைக் கையால் இது கஷ்டம். அடித்தளத்தின் குழியில் மணல் புகுந்தால் தண்டு முழுதாக இறங்காமல் பாதியில் நிற்கும். பார்த்தால் பூட்டியதுபோலவே இருக்கும். நம் கரையில் மணல் புகாமல் இருக்காது. ஒவ்வொரு முறையும் இறக்கியபின் மேலே இழுத்துப் பாருங்கள்.

ராம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ராம் நிறுவனத்தின் முறை பந்தும் கவ்வியும். ரப்பர் பூசிய பந்தை இரண்டு பக்கக் கவ்வி அழுத்திப் பிடிக்கும், குமிழைத் திருகி இறுக்குவீர்கள். பி அளவு என்றால் 1 இஞ்சுப் பந்து, சி அளவு என்றால் 1.5 இஞ்சு. எந்தக் கோணமும் கிடைக்கும். அதில் இதை அடிக்க ஆளில்லை.

மீன்காட்டும் கருவிக்கும் கேமராவுக்கும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ராடுக்கு என்றால் சி அளவுக்குக் கீழே இறங்க வேண்டாம். பந்து மூட்டு உராய்வால் மட்டுமே நிற்கிறது. மேலே போட்ட கணக்கின்படி 3 கிலோ இழுவை மூட்டில் எவ்வளவு முறுக்காக விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஈரக் கையால் முக்கால்வாசி இறுக்கிய குமிழ் அதைத் தாங்காது, ராடு மெல்லத் தலைசாயும். ரப்பரில் எண்ணெயோ சன்ஸ்கிரீனோ பட்டால் பிடி இன்னும் குறையும். நீண்ட கவ்விக்கைகூட இங்கே எதிரிதான். கை நீள நீள அடித்தளத்தின் மேல் விழும் முறுக்கும் கூடும்.

யாக்அட்டாக்

வர்ஜீனியா மாநிலத்தில் லூதர் சைஃபர்ஸ் 2009இல் தொடங்கியது. மோட்டார் படகுக்குச் செய்ததைக் கயாக்குக்கும் விற்கும் நிறுவனம் இல்லை. கயாக் மீன்பிடிப்பே இவர்களின் தொழில். கியர்டிராக் ரெயிலைத் தளத்தில் பதித்துவிட்டால், டி வடிவத் தலை கொண்ட போல்டு ரெயிலுக்குள் நழுவி, வேண்டிய இடத்தில் குமிழைத் திருகி நிறுத்தலாம். முழு ரெயிலுக்கு இடம் இல்லாத இடத்துக்கு மைட்டிமவுண்ட் என்ற குட்டி ரெயில். ஒமேகா வரிசை ஹோல்டர்கள் ஸ்பின்னிங்கும் பெயிட்காஸ்டரும் ஏற்கும். லாக்-என்-லோடு என்ற அவர்களின் அடிப்பாகத்தோடு சேர்த்து வாங்கினால் ரெயிலில் இறுக்குவதும் ஹோல்டரைத் திருப்புவதும் தனித்தனியே பூட்டும்.

ரெயிலின் உண்மையான லாபம், ஹோல்டரை 10 சென்டிமீட்டர் முன்னே தள்ளிப் பார்க்கலாம் என்பது. நிலையான அடித்தளத்தில் அதே சோதனைக்கு நான்கு புதுத் துளை. இடம் பற்றி உறுதியாகத் தெரியாத முதல் கயாக்குக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. முழுப் பிடியும் ஒரே ஒரு டி போல்டில். குமிழை இறுக்க மறந்தால் ஹோல்டர் ரெயில் நெடுக ஓடி, முனை திறந்திருந்தால் கழன்றே விழும். ரெயில் முனைக்கு மூடி போடுங்கள். வாங்கும்போது அந்த மூடியும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரெயில்பிளேசா

நியூசிலாந்துத் தயாரிப்பு. பெயரில் ரெயில் இருந்தாலும் இதன் அடிப்படை ரெயில் இல்லை. ஸ்டார்போர்ட் என்ற நட்சத்திரக் குழி கொண்ட அடித்தளம். அதே குழியில் ராடு ஹோல்டர், விளக்குக் கம்பம், கேமராக் கை எல்லாம் மாறி மாறி இறங்கும். ராடு ஹோல்டர் II, ஸ்பின்னிங், பெயிட்காஸ்டர் இரண்டையும் தாங்கிப் பிடிக்கும். எல்லாம் பிளாஸ்டிக் என்பதால் உப்பில் துருப்பிடிக்க அதிகம் ஒன்றும் இல்லை. குறை, ஸ்காட்டியைப் போலவே இடம் தவறினால் தவறியதுதான். குழிக்கு மூடி போடாவிட்டால் மணல் அங்கேயும் குடியேறும்.

பெயரில்லாத நகல்களைப் பற்றி ஒரு வரி. கண்ணாடி இழை கலக்காத வெறும் பிளாஸ்டிக்கில் வருபவை பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும். கையில் வாங்கி முறுக்கினால் நெளிந்து கொடுக்கும். பற்களின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். சுமை வரும்போது பல் பல்லைத் தாண்டும்.

சரி, எதை வாங்குவது? அலை உடைக்கும் கரையிலிருந்து இறங்குகிறவர் என்றால் ரெயிலும் கழற்றக்கூடிய ஹோல்டரும்தான் எங்கள் முதல் தேர்வு. கரையைத் தாண்டும்வரை தளத்தில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கவிழ்ந்தால் நிற்கும் ஹோல்டர் ஈட்டியாகிவிடும். பழவேற்காடு, பிச்சாவரம் என்று கழியிலேயே இருப்பவர் ஸ்காட்டி 280ஐ 241 மேல் மாட்டிக்கொண்டு வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ரெயில்பிளேசா இரண்டுக்கும் நடுவே. ராமை ராடுக்காக மட்டும் என்று வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

பிளம்பிங் கடை வழி

ராடு நிற்க மட்டும் இடம் போதும் என்றால், இருக்கைக்குப் பின்னால் கட்டிய பால் கிரேட்டும் மூன்று துண்டு பிவிசி குழாயும் போதும். 50 மில்லிமீட்டர் குழாயை 30 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டுங்கள். ஸ்பின்னிங் ரீலின் கால் இறங்க, மேல் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு பிளவு வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். குழாய் ஒவ்வொன்றையும் கிரேட்டில் மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். ஒரே இடத்தில் கட்டினால் ராடு ஊசலாடும். கேபிள் டை கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். கிரேட்டைக் கயாக்கோடு நான்கு மூலையிலும் கட்டுங்கள். இதில் வைத்து லூர் இழுக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறோம், ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

இடம் பார்ப்பது

டிரில்லைத் தொடுவதற்கு முன் ஒரு மாஸ்கிங் டேப் சுருளோடு தண்ணீரில் இறங்குங்கள். கரையில் கயாக்கை வைத்து உட்கார்ந்து பார்ப்பது உதவாது. மணலில் கயாக் ஆடாது, நீங்களும் அச்சமின்றி எட்டிப் பிடிப்பீர்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வழக்கமான துடுப்போடு, எதிர்காற்றில் போடுவதுபோல் வேகமாக 50 முறை வலியுங்கள். துடுப்பும் விரல் முட்டியும் கடந்து போகும் எல்லைக்கு டேப் ஒட்டுங்கள். அந்த எல்லைக்குள் ஹோல்டருக்கு இடமே கிடையாது. பிறகு முதுகு இருக்கையை விட்டுப் பிரியாமல் கை எட்டும் எல்லைக்கு இன்னொரு டேப். துடுப்பு தொடாத, கை எட்டுகிற பகுதி நினைப்பதைவிடச் சின்னது. பெரும்பாலும் முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே, தளத்தின் விளிம்பை ஒட்டி இரண்டு கைப்பிடி அகலம்தான் மிஞ்சும். கால் மிதி வகைக் கயாக்கில் துடுப்புத் தொல்லை குறையும், முழங்கால் தொல்லை கூடும்.

அந்த இடத்தில் ஹோல்டரைக் கையால் பிடித்து, ராடை வைத்து, எடுத்துப் பாருங்கள். ராடின் அடிமுனை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எடுக்கும்போது அது வயிற்றிலோ தொடையிலோ முட்டாமல் வர 20 முதல் 25 சென்டிமீட்டர் பின்னிடம் வேண்டும். நீளப் பிடி கொண்ட ராடுக்கு இன்னும் கூட. இந்த ஒன்றை அளக்காமல் துளை போட்டவர்கள்தான் பிறகு நீட்டிப்புக் கை வாங்குகிறார்கள். நீட்டிப்புக் கை உயரத்தைக் கூட்டும், உயரம் முறுக்கைக் கூட்டும்.

கோணம்: கயாக்கின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக 45 முதல் 60 பாகை, நீர்மட்டத்திலிருந்து மேலே 30 முதல் 40 பாகை. இந்த நிலையில் ராடு வளைந்து கடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நரம்பும் ராடும் ஒரே நேர்கோட்டில் நின்றால் வளைய இடமில்லை. அதிர்ச்சி முழுவதும் முடிச்சுக்கும் முள்ளுக்கும் போகும். நிமிர்த்தி வைத்தால் நெம்புகோல் நீளம் முழுதாக அடித்தளத்தைத் தாக்கும், கயாக்கையும் சாய்க்கும். இரண்டு ராடு இழுக்கிறீர்கள் என்றால் நுனிகள் எதிரெதிர்ப் பக்கம் விரியட்டும். லூர் சிக்கிக்கொள்வது பாதியாகக் குறையும். சீலாவும் வஞ்சிரமும் அடிக்கும் அடியில் டிராக் உடனே கொடுக்க வேண்டும். ராடு ஹோல்டரில் இருக்கும்வரை தளர்வாக வைத்து, கையில் எடுத்த பிறகு இறுக்குங்கள்.

திருகு வாங்குவது

சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனை, லிங்கிச் செட்டி தெருப் பக்கம் போனால் போல்டுக்குப் பஞ்சமில்லை. கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். வெறுமனே ஸ்டெயின்லெஸ் என்றால் 202 தரமும் கைக்கு வரலாம். கடல் நீரில் அது சீக்கிரமே பழுப்பாகிவிடும். 304 தாங்கும், 316 இன்னும் நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பொதுவாக இரண்டுமே ஒட்டாது. தரம் தலையில் பொறித்திருக்கும் போல்டாகப் பார்த்து எடுங்கள்.

அமெரிக்கப் பொருட்களில் கால் இஞ்சு, இஞ்சுக்கு 20 இழை கொண்ட போல்டுதான் அதிகம். அதன் விட்டம் 6.35 மில்லிமீட்டர், இழைத் தூரம் 1.27. எம்6 என்பது 6 மில்லிமீட்டர், இழைத் தூரம் 1. எம்6 போல்டு கால் இஞ்சு நட்டுக்குள் லொடலொடவென்று போகும், இறுக்கினால் இழையைத் தின்றுவிடும். பழைய விட்வொர்த் கால் இஞ்சுக்கும் 20 இழைதான். இழைக் கோணம் 55, 60 என்று சற்று வேறுபட்டாலும் பொதுவாகப் பொருந்திப்போகும். கடைக்கு ஹோல்டரோடு வந்த நட்டையே எடுத்துப் போங்கள்.

ஹாட்ச் வழியாக உள்ளே கை எட்டுமானால் வேறு யோசனையே வேண்டாம்: போல்டு, அகல வாஷர், நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தாங்குபலகை. சமையலறையில் காய் வெட்டும் 8 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பலகையை, அடித்தளத்தைவிட நான்கு பக்கமும் 3 சென்டிமீட்டர் பெரிதாக வெட்டினால் போதும். அழுகாது, துருவும் ஏறாது. அந்த 60 கிலோ இப்போது நான்கு புள்ளியில் இல்லாமல் ஒரு உள்ளங்கை அகலத்தில் பரவுகிறது.

கை எட்டாத இடத்தில் மூன்று கால் விரியும் அலுமினிய ரிவெட், இல்லையென்றால் ரப்பர் நட்டு. சாதாரண பாப் ரிவெட் மெல்லிய பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தானே இழை வெட்டும் ஸ்குரூவுக்கு 4 மில்லிமீட்டரில் மூன்று நான்கு இழைதான் பிடி கிடைக்கும். கேமரா வைக்கலாம், ராடு வைக்கக் கூடாது. ரப்பர் நட்டு கயாக்குக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். துளையையும் அடைக்கும், அதிர்வையும் வாங்கும். கால் இஞ்சு போல்டுக்கான ரப்பர் நட்டுக்கு அரை இஞ்சுத் துளை, 10 எண் ஸ்குரூவுக்கானதற்கு 3/8 இஞ்சு. துளை அரை மில்லிமீட்டர் பெரிதானாலும் நட்டு போல்டோடு சேர்ந்து சுற்றும். ரப்பர் உப்பித் தளத்தைக் கவ்வியதும் நிறுத்துங்கள். மேலும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டால் ரப்பர் பிளக்கும்.

துளை போடுவது

தளத்தின் அடியில் வடிகால் குழாயோ, சுக்கான் கம்பியோ, நுரைத் தூணோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேப் ஒட்டி அதன்மேல் குறியிடுங்கள். அடித்தளத்தையே அச்சாக வைத்து ஒரு துளை மட்டும் போட்டு, போல்டைச் செருகி, பிறகு மூலைவிட்டத்தில் எதிர்த் துளை. நான்கையும் ஒரேயடியாகக் குறித்துப் போட்டால் கடைசித் துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். டிரில் மெதுவாக ஓடட்டும். வேகம் கூடினால் பாலிஎத்திலீன் உருகிப் பிட்டில் சுற்றும். பெரிய துளைக்கு ஹோல் சாவை முதலில் பின்னோக்கிச் சுற்றி ஒரு பள்ளம் போட்டுக்கொள்ளுங்கள், வழுக்காது. சாய்ந்த குழாய்க்கு வட்டத் துளை பொருந்தாது, நீள்வட்டம் வேண்டும். செங்குத்தாகத் தொடங்கி, பல் பதிந்ததும் குழாயின் சாய்வுக்கு டிரில்லைச் சாய்த்து வெட்டி, மிச்சத்தை அரைவட்ட அரத்தால் தேய்த்துச் சரிசெய்யுங்கள். துளை விளிம்பில் கத்தியால் பிசிறு எடுத்தாக வேண்டும். பிசிறு விட்ட இடத்திலிருந்துதான் கீறல் தொடங்கும்.

நீளமான ரெயில் பதிக்கிறவர்கள் வெப்பத்தை மறக்கக் கூடாது. பாலிஎத்திலீன் வெயிலில் அலுமினியத்தைவிடப் பல மடங்கு விரியும். 60 சென்டிமீட்டர் ரெயிலில் 30 பாகை வெப்ப வித்தியாசத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு இரண்டும் விலகும். எல்லாத் துளையையும் இறுக்கமாகப் போட்டால் ஒன்று தளம் புடைக்கும், அல்லது துளை நீளும். நடுத்துளை மட்டும் சரியளவு, ஓரத்துளைகள் ஒரு மில்லிமீட்டர் பெரிது, மேலே வாஷர். நிழலில் வேலை செய்யுங்கள்.

பசையின் மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம். பாலிஎத்திலீனில் எதுவும் சரியாக ஒட்டாது. ஃபைபர் படகில் பிரிக்கவே முடியாத பாலியூரிதேன்கூட இதில் பட்டையாக உரிந்து வரும். சீலன்ட் இங்கே கேஸ்கெட் வேலை மட்டும்தான் செய்கிறது. காடி வாசனை அடிக்கும் சிலிக்கோன் உலோகத்தை அரிக்கும் என்பதால் வாசனையற்ற நடுநிலை வகை வாங்குங்கள், அல்லது பியூட்டைல் நாடா. சீலன்ட் பிதுங்கும்வரை இறுக்கி, ஒரு நாள் விட்டு, மீதியை இறுக்குங்கள். அன்றைக்கே முழுதாக இறுக்கினால் எல்லாம் வெளியே வந்துவிடும், நடுவில் ஒன்றும் மிஞ்சாது. உடலுக்குள் விழுந்த பிளாஸ்டிக் சுருள்களை ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் கரையிலேயே சோதனை. ராடை ஹோல்டரில் வைத்து, மீன் எடை போடும் கொக்கித் தராசை நரம்பில் மாட்டி, டிராக் கொடுக்கும்வரை இழுங்கள். இன்னொருவர் அடித்தளத்தைப் பார்க்கட்டும். தளம் கண்ணுக்குத் தெரிய எழும்பினால் தாங்குபலகை போதவில்லை. பிறகு கயாக்கைத் தண்ணீரில் விட்டு ஒரு மணி நேரம் கழித்து உள்ளே பஞ்சு போட்டுப் பாருங்கள்.

ராடுக்குக் கட்டும் கயிறு ஹோல்டரில் முடியக் கூடாது. ஹோல்டரே போனால் கயிறும் சேர்ந்து போகும். கயாக்கின் தனி வளையத்தில் கட்டுங்கள், உடம்பில் ஒருபோதும் கட்டாதீர்கள். அலையில் இறங்கும்போதும் ஏறும்போதும் ஹோல்டர்கள் பெட்டிக்குள், ராடுகள் உள்ளறையில் அல்லது தளத்தோடு படுக்கையாகக் கட்டி. வந்ததும் நல்ல தண்ணீரில் ரெயிலையும் டி போல்டையும் கழுவி, போல்டைக் கழற்றியே வையுங்கள். அலுமினிய ரெயிலில் உப்போடு விட்ட ஸ்டெயின்லெஸ் போல்டு சில மாதத்தில் வெள்ளைப் பொடி பூத்து அப்படியே பிடித்துக்கொள்ளும். இழையில் கொஞ்சம் மரைன் கிரீஸ் தடவினால் இது தவிரும். ஸ்டெயின்லெஸ் நட்டு ஸ்டெயின்லெஸ் போல்டில் ஒட்டிக்கொள்வதையும் அதே கிரீஸ் தடுக்கும். ரப்பர் நட்டுகளை வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள்.

தப்பான இடத்தில் துளை விழுந்துவிட்டால் சிலிக்கோன் வைத்து அடைக்க வேண்டாம், ஒரு கோடையில் கழன்றுவிடும். அந்த அளவுக்கு ஒரு ரப்பர் நட்டை இறக்கி, குட்டை போல்டு போட்டு மூடுங்கள். நாளைக்கு அதிலேயே ஒரு வளையம் மாட்டி ராடுக் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம்.